தணிகாசலத்தின் கடைசிப் பலாப்பழம்

எங்க வீட்டுக்காரருக்குப் பலாப்பழம் ஒத்துக்காமப் போச்சுன்னு தெரிஞ்சதும் பண்ருட்டியில பாதிப் பேரு சிரிச்சாங்க. மீதிப் பேரு மரியாதைக்கு எதிர்ல சிரிக்காம வீட்டுக்குப் போய்ச் சிரிச்சாங்க. நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். மூணு தலைமுறையாப் பலா மண்டி வெச்சிருக்கிற குடும்பம். அவரு பேரு திருநாவுக்கரசு. பழத்தை ரெண்டு தட்டு தட்டிட்டு, இது இன்னைக்கு அறுக்கலாம், இது சென்னை லாரிக்கு, இது சம்பந்தி வீட்டுக்குன்னு பிரிச்சுத் தள்ளுற கை அவரோடது. அப்பேர்ப்பட்டவரு ஒரு சித்திரை மாசக் காலையில லோடு பார்க்கிறப்போ ஒரே ஒரு சுளையை வாயில போட்டாரு. உதடு ரெண்டும் வீங்கி, கண்ணு இடுங்கி, மூச்சு விசிலடிக்க ஆரம்பிச்சுது. மண்டியில இருந்தவங்க தேள் கொட்டிடுச்சுன்னு நெனைச்சு, கட்டையைத் தூக்கிக்கிட்டுப் பழக்குவியலைக் கலைச்சுத் தேடியிருக்காங்க.

ஆஸ்பத்திரியிலதான் விஷயம் தெரிஞ்சுது. பலா அலர்ஜி. திங்கக் கூடாது, தொடக் கூடாது, வாசனை கூடப் படக் கூடாது. இத்தனை வருஷம் ஒண்ணும் பண்ணாத பழம் இப்ப மட்டும் ஏன் பண்ணுதுன்னு கேட்டேன். உடம்பு சில சமயம் அப்படித் திரும்பிக்கும்னாங்க. நல்ல பதில் போங்க.

பங்குனியில ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் எங்க ஊர்ல பலா வாசனை இல்லாத இடமே கிடையாது. கையில கட்டிக்க ஒரு பட்டை கொடுத்தாங்க. காத்துல பலா வாசனை வந்தா அது கூவி எச்சரிக்குமாம். கட்டிக்கிட்டு வாசப்படி இறங்குனாரு. அது கூவ ஆரம்பிச்சது, பேட்டரி தீர்ற வரைக்கும் நிறுத்தலை. அப்புறம் படுக்கை ரூம் ஜன்னலையெல்லாம் அடைச்சு, காத்தைச் சலிச்சு விடுற மெஷினை வெச்சு, உள்ளேயே உக்காந்துட்டாரு.

மண்டியை என் கொழுந்தன் வாகீசன் பார்த்துக்கிட்டான். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே நாயனார் பேரையே வெச்ச குடும்பம். அதுக்கு மேல யோசிக்க எங்க மாமனாருக்கு நேரம் இல்ல போலிருக்கு. வாகீசனுக்கு லாரி அனுப்பத் தெரியும், கணக்குத் தெரியும், பழம் மட்டும் தெரியாது. அதனால போனைப் பழத்துக்கிட்ட வெச்சுத் தட்டுவான். இவரு இங்கே கண்ணை மூடிக் கேட்டுட்டு, "இன்னும் ரெண்டு நாள் தாங்கும்"பாரு. டிரைவர் இல்லாமத் தானா ஓடுற லாரியில ஏறுன அந்தப் பழம் சேலம் போறதுக்குள்ள வெடிச்சு, லாரியே மணக்க மணக்க நிக்கும். சேலத்துக்காரரு போன் பண்ணி, "அரசண்ணே, பழம் அனுப்பினீங்களா, பாயசம் அனுப்பினீங்களா?"ன்னு கேட்டாரு.

கேலி பண்றேன்னு நினைக்காதீங்க. அந்த மனுஷன் கட்டில் விளிம்பை விரலால தட்டிக்கிட்டே கண்ணாடி வழியா ரோட்டுல போற லாரியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அவரு மறுபடியும் மண்டிக்குப் போகணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டியிருக்கலை.

பாண்டிச்சேரியில ஒரு டாக்டரம்மா பழம், காய்கறி அலர்ஜிக்குன்னே புது ஊசி போடுறாங்கன்னு கேள்விப்பட்டுக் கூட்டிட்டுப் போனேன். மெஹருன்னிசான்னு பேரு. சின்ன வயசு, நிதானமாப் பேசுற பொண்ணு.

"உடம்புக்குள்ள காவல்காரங்க ரெண்டு வகைம்மா,"ன்னாங்க. "ஒருத்தன் யாரைப் பார்த்தாலும் தடியைத் தூக்குவான். இன்னொருத்தன், 'விடுப்பா, நமக்குத் தெரிஞ்சவர்தான்'னு சொல்லி உள்ளே விடுவான். உங்க வீட்டுக்காரருக்குப் பலா விஷயத்துல இந்த ரெண்டாவது ஆளு ஒருத்தர் கூட மிச்சம் இல்லை. எல்லாரும் தடியோட நிக்கிறாங்க."

"அந்த ரெண்டாவது ஆளை மருந்தாச் செய்ய முடியாதா?"

"முடியலை. பழக்கத்துல வர்ற ஆளு அவரு. பலாப்பழத்தோட நல்லாப் பழகின இன்னொருத்தர் உடம்புலேர்ந்துதான் எடுக்கணும். எடுத்து இவருக்கு ஊசியாப் போட்டா, இவரு உடம்பும் பழகிக்கும். பழக்க ஊசின்னு பேரு."

"சரி, எடுங்க."

"எடுத்தா கொடுத்தவருக்கு இருக்காதும்மா."

"பாதி எடுத்துட்டுப் பாதியை விடுங்களேன்."

"இவங்க கூட்டமா இருந்தாத்தான் பேச்சு எடுபடும். பாதியை எடுத்தா ரெண்டு பக்கமும் எடுபடாது. கொடுக்கிறவரு அதுக்கப்புறம் பலாவை மறந்துட வேண்டியதுதான். சில பேருக்கு வெறும் அரிப்போட போகும். சில பேருக்கு உங்க வீட்டுக்காரர் மாதிரியே ஆகும். எப்படி ஆகும்னு முன்கூட்டி எங்களால சொல்ல முடியாது. ஒரு தடவை மாத்தினா மாத்தினதுதான், திருப்பவும் முடியாது."

ரத்த தானம் மாதிரி வெளியாளு யாராவது கொடுப்பாங்களான்னு கேட்டேன்.

"முதல்ல அப்படித்தான் இருந்துது. அப்புறம் பார்த்தா, முதலாளிக்குத் தக்காளி ஆகலைன்னா டிரைவர் தக்காளியை விட்டுட்டு நிக்கிறாரு. வீட்டம்மாவுக்குக் கத்தரிக்காய் ஆகலைன்னா சமையல்காரம்மா கத்தரிக்காயைத் தொட முடியாம வேலையும் போய் நிக்கிறாங்க. எல்லாரும் மனசாரக் கொடுத்தோம்னு சொல்றாங்க. அதனால இப்ப சட்டம் வந்துடுச்சு. குடும்பத்துக்குள்ள மட்டும்தான்."

"குடும்பத்துக்குள்ளன்னா மனசாரக் கொடுப்பாங்கன்னு சட்டம் எழுதினவங்களுக்கு யாரும்மா சொன்னது?"ன்னு கேட்டேன். டாக்டரம்மா சிரிச்சாங்க.

வீட்டுக்கு வந்து எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். வாகீசன் எழுந்து நின்னு, "அண்ணி, கிட்னி கேளுங்க, இந்த நிமிஷம் போய்ப் படுக்கிறேன். பலாவைக் கொடுத்துட்டா நானும்ல ஜன்னலை அடைச்சுக்கிட்டு உக்காரணும்? மண்டியை யாரு பார்க்கிறது?"ன்னான். அது நியாயம்தான். சிதம்பரத்துல இருக்கிற நாத்தனாரும் கிட்னி தரேன்னுதான் சொன்னாங்க. எங்க குடும்பத்துல அன்னைக்கு மட்டும் கிட்னி கொட்டிக் கிடந்துது. பலாவைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. கோயம்புத்தூர்ல படிக்கிற எங்க பொண்ணு காந்தள் மட்டும் உடனே வந்து டெஸ்டுக்குக் கை நீட்டினா. அவ உடம்பு பலாவைப் போட்டோவுல பார்த்த அளவுக்குத்தான் பழகியிருக்குன்னு ரிசல்ட் வந்துது. நானும் நீட்டினேன். "உங்க உடம்பு பலாவை விருந்தாளியாத்தாம்மா நடத்துது. எங்களுக்கு அதை வீட்டு ஆளா நடத்துற உடம்பு வேணும்,"ன்னாங்க டாக்டரம்மா. "உங்க சொந்தத்துல பலாப்பழப் பைத்தியம்னு யாராவது இருக்காங்களா?"

நானும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

"அவன் வேண்டாம்,"ன்னாரு அவரு.

அவன்னு சொன்னது என் கூடப் பொறந்தவன் தணிகாசலத்தை. விழுப்புரத்துல ரயில்வே டி.டி.ஆர். கல்யாணம் கட்டிக்கலை. கல்யாணப் பந்தியில சாம்பார் ஊத்த வந்தா இலையை மறைச்சுக்கிட்டு, சுளை வருதான்னு எட்டிப் பார்க்கிற ஆளு. கடலூர் லைன்ல டூட்டின்னா அவனுக்குத் திருவிழா. சீசன்ல பலாப்பழத்தோட ஏறுற ஜனங்க டிக்கெட்டோட ரெண்டு சுளையையும் சேர்த்து நீட்டுவாங்க. அவனும் ரெண்டையும் சரிபார்ப்பான்.

அவனும் எங்க வீட்டுக்காரரும் பேசி வருஷக்கணக்காச்சு. காந்தளுக்குக் காது குத்துனப்போ ஆரம்பிச்ச வினை. தாய்மாமன் மடியிலதானே பிள்ளையை உக்கார வைக்கணும்? அந்தத் தாய்மாமனை வீட்டுக்குப் போய்த் தட்டு வெச்சு அழைக்கணும். இவரு சீசன் மும்முரத்துல, "மச்சான், ஞாயித்துக்கிழமை வந்துடு"ன்னு போன்ல சொல்லிட்டு வெச்சுட்டாரு. அவன், "போன்ல கூப்பிட்டா போன்லயேதான் வருவேன்"னான். சொன்னபடி செஞ்சான். சரியா முகூர்த்த நேரத்துக்குப் போன் பண்ணி, "என்னை மணை மேல வைங்க, பிள்ளையை என் பக்கத்துல உக்கார வைங்க"ன்னான். ஆசாரி சிரிச்ச சிரிப்புல ஊசி பிடிச்ச கை ஆடிப்போச்சு. சபை முழுக்கச் சிரிச்சுது. இவரு முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. அன்னையிலேர்ந்து விசேஷ வீட்டுல எதிர்ப்பட்டா ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. நடுவுல நான்தான் கெடந்து முழிப்பேன். என் பிறந்த வீடுன்னு மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன். அவன் என் வீட்டு வாசப்படி மிதிக்கலைன்னா எனக்கு எப்படி இருக்கும்னு ரெண்டு பேருல ஒருத்தருக்கும் தோணலை.

"ஊசிக்காக அவன் வாசல்ல போய் நிக்கணுமா? அதுக்கு இந்த ரூமே போதும்,"னு சொல்லிட்டாரு.

ஆனி மாசத்துல ஒரு நாள் பிடிவாதமா என்னைத் திருவதிகை கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. முகத்துல ரெண்டு மாஸ்க். சாமி கும்பிட்டுத் திரும்புறோம், யாரோ ஒரு புண்ணியவான் வேண்டுதல்னு பஞ்சாமிர்தம் கொடுத்துக்கிட்டு இருந்தாரு. பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னு இவரு கையை நீட்டிட்டாரு. மாம்பழம், வாழைப்பழத்தோட பலாவையும் போட்டிருக்காங்க. வாயில வைக்கலை. உள்ளங்கையில பட்டதுக்கே அப்படியே சரிஞ்சுட்டாரு. உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. பையில வெச்சிருந்த அவசர ஊசியை எடுத்து, அவ்வளவு ஜனம் பார்க்க, வேட்டியோட சேர்த்துத் தொடையில குத்தினேன். மூச்சு திரும்புற வரைக்கும் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன்னு எனக்கே ஞாபகம் இல்லை.

கண்ணைத் திறந்ததும் என் பேரைச் சொல்லி, "தையலு, பஞ்சாமிர்தம் கீழே கொட்டிடுச்சா?"ன்னாரு. அங்கேயே உக்காந்து அழுதேன். மறுநாள் பஸ் ஏறி விழுப்புரம் போனேன்.

ரயில்வே காலனியில தெருக்கோடி வீடு. தணிகாசலம் கதவைத் திறந்தான். பின்னாடி மேஜை மேல உரிச்ச சுளை ஒரு தட்டு நிறைய.

"எங்கேர்ந்து வர்றே?"ன்னான். டி.டி.ஆர். புத்தி எங்க போகும்.

எல்லாத்தையும் சொன்னேன். கோயில்ல நடந்ததைச் சொல்றப்போ மட்டும் சுளையைத் தின்கிறதை நிறுத்தினான்.

"நான் கொடுத்துட்டா எனக்கு என்ன ஆகும்?"

"உனக்கும் அந்த மாதிரி ஆகலாம். ஆகாமலும் போகலாம். ஒண்ணு நிச்சயம், பலா கிடையாது."

"ஆயுசுக்கும்?"

"ஆயுசுக்கும்."

சுளைத் தட்டை ஓரமாத் தள்ளி வெச்சான். "மாமாவை வரச் சொல்லு. வந்து கேக்கணும். முறையாக் கேக்கணும், தட்டோட."

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவரு ஜன்னலைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. திட்டப் போறாருன்னு நெனைச்சேன். "தட்டுல என்னென்ன வைக்கணும்?"னாரு.

நல்ல நாள் பார்த்தோம். வெத்தலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, தேங்காய், வாழைப்பழம், ஒரு வேட்டி துண்டு. எல்லாம் அவரே கையால அடுக்கினாரு. காருல ஏறி வழி முழுக்கத் தட்டை மடியிலேயே வெச்சுக்கிட்டு வந்தாரு. நான் வாங்கிக்கிறேன்னு சொன்னேன், கொடுக்கலை. விழுப்புரத்துல இறங்கினா, அந்த வீட்டு வாசல்லேர்ந்து பினாயில் வாடை தெருவையே தூக்குது. மேஜை, தரை, சுவரு எல்லாம் கழுவியிருக்கான். திரைச்சீலையைக் கூடக் கழட்டி ஊற வெச்சிருக்கான். சீசன் நடுவுல அவன் வீட்டுல ஒரு பலாக்கொட்டை கூட இல்லை. முகத்தை மட்டும் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னான்.

"வாங்க மாமா. டிக்கெட் எடுத்துட்டு வந்தீங்களா?"

"எடுத்திருக்கேன் மச்சான்,"னு தட்டை நீட்டினாரு. "அன்னைக்கு நான் நேர்ல வந்திருக்கணும். வரலை. இப்போ என் மூச்சுக்காக வந்து நிக்கிறேன். நீ இல்லைன்னு சொன்னாலும் தட்டை வாங்கிக்க. இது காது குத்துக்கு வெச்சதா இருக்கட்டும்."

தணிகாசலம் தட்டை வாங்கிக்கிட்டான். "காது குத்துக்கு ஒரு தட்டு சரி. ஊசி குத்துறதுக்குத் தட்டு எங்கே?"ன்னான்.

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நான் சமையல்கட்டுக்குப் போய்ப் பினாயில் வாடைதான் கண்ணைக் கரிக்குதுன்னு சொல்லிக்கிட்டேன்.

கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பழம் திங்கணும்னு தணிகாசலம் கேட்டான். பழத்தை நான்தான் பொறுக்குவேன்னு இவரு ஒத்தைக்கால்ல நின்னாரு. அந்தப் பழம் போன்ல தட்டுன பழமா இருக்கக் கூடாதாம். டாக்டரம்மா கிட்ட கேட்டா திட்டுவாங்கன்னு கேக்கலை. மூணு மாஸ்க், முழங்கை வரைக்கும் கிளவுஸ், மேல ஒரு மழைக்கோட்டு. மண்டி வாசல்ல பத்துப் பதினைஞ்சு பழத்தைக் காத்தோட்டமா வெளியே உருட்டி வெச்சான் வாகீசன். நான் அவசர ஊசியை ஓங்கிப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே நடந்தேன். ஒரு குச்சியால ஒவ்வொண்ணாத் தட்டிக்கிட்டே வந்தாரு. தெருவுல கூட்டம் கூடிடுச்சு. ஒரு பழத்துக்கிட்ட நின்னு, திரும்பத் தட்டி, "இது,"ன்னாரு. அதுக்குள்ள கண்ணு ரெண்டும் சிவந்து வீங்கிடுச்சு. அவரை இழுத்துக்கிட்டு வந்து காருல போட்டேன்.

மறுநாள், வாகீசன் வேற வண்டியில அனுப்பின அந்தப் பழத்தைக் காலனி வீட்டுப் பின்பக்கம் கையில எண்ணெய் தடவிக்கிட்டுத் தணிகாசலமே அறுத்தான். உள்ளே சுளை பொன்னாட்டம் இருந்துது, ஒண்ணு கூடப் பழுது இல்லை. இவரு கார் கண்ணாடியை ஏத்திக்கிட்டு உள்ளேர்ந்து பார்த்துக்கிட்டு இருந்தாரு. அவன் தின்னான். நிதானமாத்தான் ஆரம்பிச்சான். கால்வாசி கூடத் தின்னலை, நிறுத்திட்டான்.

"போதுமாடா?"ன்னேன்.

"போதும்க்கா. கடைசின்னு நெனைச்சுக்கிட்டே தின்னா ருசியே தெரிய மாட்டேங்குது."

மீதியைக் காலனிப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கச் சொல்லிட்டான். கண்ணாடிக்குள்ளேர்ந்து இவரு, எப்படி இருந்துதுன்னு ஜாடையில கேட்டாரு. அவன் பிரமாதம்னு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். எனக்கு அவனைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருந்துது.

ஊசிக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில மூணு பேர் கமிட்டி உக்காந்து அவனை விசாரிச்சுது. "உங்களை யாராவது வற்புறுத்தினாங்களா?"ன்னு கேட்டாங்க. "அக்கா அழுதா. அது வற்புறுத்தல்ல வருமா?"ன்னு கேட்டிருக்கான். மூணு பேரும் தனியாப் போய்ப் பேசி, சட்டத்துல அப்படி எதுவும் சொல்லலைன்னு வந்து சொன்னாங்களாம்.

ஆவணியில முதல் ஊசி. ஐப்பசிக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. டாக்டரம்மா பலாச்சாறை ஒரு சொட்டு எடுத்து ரெண்டு பேரு முழங்கையிலயும் வெச்சுப் பார்த்தாங்க. எங்க வீட்டுக்காரரு கையில ஒண்ணும் இல்லை. தணிகாசலம் கை தோள்பட்டை வரைக்கும் தடிச்சு, மூச்சு விசிலடிச்சுது. அதே விசில். அவனுக்கு ஊசி போட்டுப் படுக்க வெச்சாங்க. இவரு அவன் காலைப் பிடிச்சுக்கிட்டே நின்னாரு. தணிகாசலம், "விடுங்க மாமா, கூச்சமா இருக்கு,"ன்னான்.

அவன் கடலூர் லைனை விட்டுட்டுக் காட்பாடி லைனுக்கு மாத்தி வாங்கிக்கிட்டான். அந்த மாரிக்காலம் முழுக்க என் வீட்டுல திருவிழாதான். சீசன் இல்லாத காலம், ஊர்ல வாசனை இல்லை. லீவு விட்டா வந்துடுவான். ரெண்டு பேரும் சீட்டாட்டம், சண்டை, கிரிக்கெட்டு, மறுபடி சண்டை. விட்டுப்போன வருஷத்தையெல்லாம் சேர்த்துப் பேசித் தீர்த்தாங்க. ரெண்டு பேருக்கும் தோசை வார்த்துப் போட்டே என் இடுப்பு ஒடிஞ்சுது. ஒடியட்டும்னு இருந்தேன்.

பங்குனியில முதல் லோடு வந்துது. எங்க வீட்டுக்காரரு விடியறதுக்கு முன்னாடியே குளிச்சு, துவைச்ச வேட்டி கட்டி, மண்டிக்குப் போனாரு. நானும் பின்னாடியே போய் நின்னேன். மாஸ்க் இல்லை, கிளவுஸ் இல்லை. ரெண்டு கையாலயும் தட்டுறாரு, தடவுறாரு, ஒரு சுளையை எடுத்து வாயில போட்டுக்கிட்டு என்னைப் பார்க்கிறாரு. ஒண்ணும் ஆகலை. சேலத்துக்காரருக்கு அவரே போன் பண்ணி, "இனிமே பாயசம் கிடையாது,"ன்னாரு. எனக்கு வேணும்னு கேட்டது கிடைச்சுடுச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை மச்சானைப் பார்க்க விழுப்புரம் போனாரு. மூணு தடவை சோப்புப் போட்டுக் குளிச்சு, புது வேட்டி கட்டித்தான் போனாரு. உள்ளே போய் உக்காந்த கொஞ்ச நேரத்துல தணிகாசலம் கண்ணு வீங்கிடுச்சு. பலாப்பிசின் நகக்கண்ணுல ஏறினா லேசுல போகாது. வாசனை தலைமுடியில, தோலுல ஊறிடும். நாள் தவறாம மண்டியில நிக்கிறவருக்குச் சீசன் முடியற வரைக்கும் போகாது. இவரு எழுந்து ஓடி வந்துட்டாரு.

அப்புறம் மண்டிக்குப் போனாரு, வந்தாரு. பழம் தட்டினாரு. ஆனா பேச்சு இல்லை. சீட்டுக்கட்டை எடுத்துத் தனியா உக்காந்து கலைப்பாரு, வெச்சுடுவாரு. சித்திரை பொறந்ததும் ஒரு நாள் காலையில மண்டிச் சாவியை என் கையில கொடுத்தாரு.

"தையலு, நீயும் வாகீசனும் பார்த்துக்கோங்க. நான் தலையை மொட்டை போட்டுக்கிட்டு விழுப்புரம் போறேன். நகத்தை ஒட்ட வெட்டிட்டு நாலு நாள் லாட்ஜுல இருந்துட்டு அவன் வீட்டுக்குப் போனா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஆடி முடிஞ்சதும் வரேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "அப்போ எதுக்குங்க இவ்வளவு பாடு? என் தம்பி ஆயுசுக்கும் பலாவை விட்டது எதுக்கு? நீங்க மண்டிக்குப் போறதுக்குத்தானே?"

"ஆமா. போயிட்டேனே,"ன்னாரு. "போக முடியாம ரூமுக்குள்ள கெடந்தது வேற தையலு. போக முடிஞ்சும் போகாம இருக்கிறது வேற. எனக்காகக் கொடுத்துட்டு அவன் அங்கே தனியா உக்காந்திருக்கான். ஊரெல்லாம் பலா திங்கிற காலத்துல ஒருத்தன் தனியா உக்காந்திருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

போகட்டும்னு விட்டேன்.

இப்போ மண்டியில நிக்கிறது நான். தட்டிப் பார்த்துச் சொல்றேன். பாதி சரியா இருக்கு, பாதி சேலத்துல வெடிக்குது. ஜனங்க பொறுத்துக்கிறாங்க. வைகாசியில ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் பார்த்துட்டு வரலாம்னு விழுப்புரம் போனேன். சீயக்காய் தேய்ச்சுக் குளிச்சு, பெட்டியில பூட்டி வெச்சிருந்த புடவையைத்தான் கட்டிக்கிட்டுப் போனேன். கேட்டைத் தொடறதுக்குள்ள தணிகாசலம் கையில கட்டியிருக்கிற பட்டை கூவிடுச்சு.

"அக்கா, அங்கேயே நில்லு,"ன்னான் அவன் வராந்தாவுலேர்ந்து.

மொட்டைத் தலையோட எங்க வீட்டுக்காரரும் எழுந்து நின்னாரு. "கிட்ட வராதே தையலு. அவனுக்கு ஆகாது. உன்கிட்டேர்ந்து என் மேல ஒட்டினாலும் நான் மறுபடி லாட்ஜுக்குப் போகணும்."

ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நாற்காலியைத் தூக்கிட்டு வந்து கேட்டுக்கு வெளியே வெச்சுட்டு, நான் வர்றதுக்குள்ள உள்ளே ஓடிட்டாங்க. நான் உக்காந்தேன். அவங்க வராந்தாவுல பக்கத்துப் பக்கத்துல உக்காந்துக்கிட்டாங்க. காந்தள் எப்படி இருக்கா, வாகீசன் ஒழுங்கா இருக்கானான்னு சத்தம் போட்டு விசாரிச்சாங்க. நானும் சத்தம் போட்டுச் சொன்னேன். ரோட்டுல போறவங்க நின்னு பார்த்தாங்க. நடுவுல அவங்களுக்குள்ள ஏதோ பேசிச் சிரிச்சுக்கிட்டாங்க. என்னன்னு எனக்குக் கேக்கலை. இந்த ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சிரிக்கணும்னு நான் வேண்டாத சாமி இல்லை. சந்தோஷமா இருந்துது. அழுகையும் வந்துது.

"அக்கா,"ன்னு கூப்பிட்டான் தணிகாசலம், மூக்கைத் துண்டால பொத்திக்கிட்டு. "காத்து இந்தப் பக்கமா அடிக்குது. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்க."

தள்ளிப் போட்டுக்கிட்டேன்.